பழைய கார் பின்விளக்கு: அசல் சரக்கை அறிவது எப்படி?

மோட்டார் உதிரிபாகம் விற்கும் நமது சங்க அங்கத்தினர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்ற வியாபார அன்பர்களும் படிக்கலாம். பில்லில் எழுதும் ஒரு சொல்லால் வரும் தொல்லை எல்லாக் கடைக்கும் பொது.

2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்குத் தனிப் பதிவு விதி கொண்டு வந்தது. முதல் பதிவு நடந்து 50 ஆண்டு கடந்த, சொந்த உபயோகத்துக்கான கார், இரு சக்கர வாகனங்களுக்கு 'விஏ' என்ற எழுத்துகளுடன் தனி நம்பர் பிளேட் கிடைக்கும். சேஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றை மாற்றியிருக்கக் கூடாது. இதற்குப் பிறகு, ஷெட்டில் கிடந்த கார்களை வெளியே எடுப்பவர்கள் நம் கடைகளுக்கு அதிகம் வருகிறார்கள். அவர்கள் கேட்பதில் முதலிடம் டெயில் லைட் கிளாசுக்குத்தான். பிளாஸ்டிக்கில் செய்தாலும் நம் வழக்கில் அது கிளாஸ்தான்! காரை ஷெட்டில் ஏற்றி இறக்கும்போது முதலில் உடைவதும் அதுவே.

2022-ல் ஒருவர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்கு இடப்பக்கக் கிளாஸ் கேட்டு வந்தார். ஹெரால்டு அறுபதுகளில் சென்னையில் தயாரான கார் என்பதை மூத்த வியாபாரிகள் அறிவீர்கள். இங்கிலாந்தில் டிரயம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த அதே வண்டி. தயாரித்த கம்பெனி இன்று இல்லை. வெளியூர் சப்ளையர் ஒருவரிடம் அப்போதுதான் வாங்கிய சரக்கு என்னிடம் இருந்தது. கம்பெனி பெயர் அச்சிட்ட அட்டைப்பெட்டி, மேலே கொஞ்சம் அழுக்கு. பெட்டியை நம்பி, பில்லில் 'ஒரிஜினல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு கோடை கழிவதற்குள் சிவப்பு வெளுத்து, ரோஸ் நிறமாகி, மயிரிழை போல வெடிப்பும் விட்டது. அவர் சண்டை போடவில்லை. பில்லை மேஜைமேல் வைத்து, அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். சப்ளையர் என் போனை எடுக்கவில்லை.

நாற்பது ஆண்டு இந்த வியாபாரத்தில் இருந்தும் பெட்டியைப் பார்த்தேனே தவிர, பொருளைப் பார்க்கவில்லை. அதன் பின் கற்றதைச் சொல்கிறேன்.

பழைய லூக்காஸ் விளக்குகளில் கம்பெனி பெயர், தயாரித்த நாடு, எண் ஆகியவை கிளாசிலேயே வார்ப்பாக இருப்பது வழக்கம். விளக்கின் வகையை 'எல்' என்ற எழுத்தோடு ஓர் எண்ணைச் சேர்த்துக் குறிப்பார்கள். தேன்கூடு போல வளையம் வளையமாக இருக்கும் சிறிய வட்ட விளக்கு எல் 594. ஆனால் எழுத்து இருப்பதால் மட்டும் அசல் ஆகிவிடாது. அசல் கிளாசிலிருந்தே அச்சு எடுத்து வார்த்தால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். அப்படி வந்த எழுத்தின் முனை மழுங்கியிருக்கும். லென்சு வைத்துப் பார்த்தால் தெரியும். வார்ப்பு ஆறும்போது சுருங்குவதால் அளவும் சற்றுக் குறையும். ஸ்க்ரூ துளை அரை மில்லிமீட்டர் தள்ளி நின்றால் சந்தேகப்படுங்கள். அதை இழுத்து முடுக்கினால்தான் மூலையில் வெடிக்கிறது.

அடுத்து, கிளாசின் உட்புறத்தைப் பாருங்கள். அசலில் நுண்ணிய வரிகள் கூர்மையாக ஓடும். பல்பின் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பரப்புவது அந்த வரிகள்தான். சில கிளாசில் தேனடை போன்ற பிரதிபலிப்புப் பகுதியும் உண்டு. பல்பு ஃபியூஸ் ஆனாலும் பின்னால் வரும் லாரியின் ஹெட்லைட் பட்டு அது மின்னும். மட்டமான நகலில் இவை பேருக்குத்தான் இருக்கும். இது அழகுச் சமாசாரம் அல்ல, இரவில் பின்னால் வருபவன் பிரேக் பிடிக்கும் சமாசாரம்.

ஹோல்டரையும் விடாதீர்கள். பிரேக்குக்கும் பின்விளக்குக்கும் ஒரே பல்பு என்றால் அதில் இரண்டு இழை இருக்கும், 21 வாட், 5 வாட். ஒரு வழியில் மட்டுமே நுழையும்படி பக்கத்து முள் இரண்டும் ஏற்ற இறக்கமாக இருக்கும். சில மெக்கானிக்குகள் முள்ளை அரத்தால் தேய்த்துத் திருப்பி மாட்டிவிடுகிறார்கள். அப்போது லைட் போட்டதுமே பிரேக் இழை எரியும். பிரேக் மிதித்தால் சின்ன இழைதான் கூடும். பழி நம் கிளாஸ்மேல் விழும்.

நகல் விற்பது தவறு என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தில் பழைய கார்களுக்கு நல்ல தரமான நகல்கள் வருகின்றன. ஆனால் நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. ஆகவே அங்கிருந்து தருவிக்குமுன் உடைந்த துண்டை வைத்து அளந்துவிடுங்கள்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 104-ஆம் பிரிவுப்படி போலிச் சின்னமிட்ட சரக்கை விற்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தக்க எச்சரிக்கையோடுதான் வாங்கினேன், சந்தேகப்படக் காரணமில்லை என்று நிரூபித்து, யாரிடம் வாங்கினோம் என்பதையும் சொல்லும் வியாபாரிக்கு அதே பிரிவில் பாதுகாப்பு இருக்கிறது. கொள்முதல் பில் இல்லாமல் அதை எப்படி நிரூபிப்பது? என்னிடம் அந்தச் சப்ளையர் கொடுத்தது துண்டுச் சீட்டுதான்.

இப்போது என் கடைப் பில்லில் 'ஒரிஜினல்' என்ற சொல் கிடையாது. 'பழைய கம்பெனி சரக்கு', 'கழற்றியது', 'நகல்' என்ற மூன்றில் ஒன்றை எழுதுகிறோம். நகல் என்று எழுதினால் வாடிக்கையாளர் போய்விடுவார் என்று என் மகன் பயந்தான். சிலர் போகத்தான் செய்தார்கள்.

ஹெரால்டுக்காரருக்குப் பிறகு சென்னை போனபோது, புதுப்பேட்டையில் பிரித்த வண்டிச் சாமான்களுக்கு நடுவே ஒரு கிளாஸ் கிடைத்தது. எழுத்து கூர்மையாக இருந்தது, துளை சரியாகப் பொருந்தியது, மூலையில் மட்டும் சிறு கீறல். பக்கத்தில் பளபளப்பான புது நகலையும் வைத்துக் காட்டினேன். அவர் பழையதையே எடுத்துக்கொண்டார். 'கழற்றியது, இடப்பக்கம், மூலையில் கீறல், எண்ணிக்கை 1' என்று பில் போட்டேன்.