உட்கார்ந்தால் எரிகிறது

ஒன்றரை வருடமாகப் பிறப்புறுப்பில் எரிச்சல். உட்கார்ந்து தைக்கவே முடியவில்லை. சிறுநீர்ப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் சரியாக இருக்கிறதாம். 'எல்லாம் மனசுதான்' என்கிறார்கள். இதற்கு மருந்தே இல்லையா?

– பெயர் வேண்டாம், திருத்துறைப்பூண்டி

மனசு இல்லை, சகோதரி. எழுந்து நின்றாலோ, கழிவறை இருக்கையில் அமர்ந்தாலோ எரிச்சல் குறைகிறதா? அப்படியென்றால் புடெண்டல் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். பிறப்புறுப்புக்கு உணர்ச்சி தரும் நரம்பு அது. இடுப்புக்குள் அழுந்தினால் எரியும். சாதாரண ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது.

மருந்து இருக்கிறது. அமிட்ரிப்டிலின், காபாபென்டின் போன்ற நரம்புவலி மாத்திரைகளைக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். பலன் தெரியச் சில வாரமாகும், பாதியில் விட்டுவிடாதீர்கள். கூடவே இடுப்புத்தளத் தசையைத் தளர்த்தும் பிசியோதெரபி. (இறுக்கிப் பிடிக்கும் கெகல் பயிற்சி இப்போது வேண்டாம், வலி கூடலாம்.) அடங்காவிட்டால் நரம்பருகே மரத்துப்போக ஊசி போடுவார்கள். அறுவை சிகிச்சை கடைசிதான்.

இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். தையல் மிஷின் நாற்காலியில் நடுவே பள்ளம் வெட்டிய பஞ்சுத் திண்டு போடுங்கள். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நரம்பியல் பிரிவுக்குப் போய், கூச்சப்படாமல் 'உட்கார்ந்தால் எரியுது, நின்னா குறையுது' என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள். கவட்டுப் பகுதி மரத்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ மட்டும் அன்றைக்கே ஓடுங்கள்.