மண்ணுக்கு மெருகு

தூத்துக்குடி என்றதும் முத்தும் உப்பும் நினைவுக்கு வரும். மண்பாண்டத்தை எண்ணுவோர் சிலரே. ஆயினும், பாண்டியரின் முத்துத் துறைமுகமாகிய கொற்கையிலும், தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரிலும் மண்ணுக்குள் மிகுதியாகக் கிடைத்தவை மட்கலங்களே. ஆதிச்சநல்லூரில் 1876-ல் ஜெர்மானியரான ஜாகோரும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்தனர். கொற்கையில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69-ல் அகழ்ந்தது. அங்குக் கிடைத்த கருப்பு-சிவப்புக் கலங்களில் கண்ணாடிப் பூச்சு இல்லை. ஆயினும் அவை வழவழப்பானவை. அந்த வித்தையை அறிந்தால் விடுமுறை நாட்களில் நாமும் வீட்டிலேயே அழகிய கலங்கள் செய்யலாம்.

மண் எடுத்தல்

குளத்து வண்டலைக் காய வைத்து, இடித்து, சலித்து, ஊற வைத்துப் பிசைய வேண்டும். வெடிப்பைக் குறைக்கச் சிறிது ஆற்று மணல் சேர்க்கலாம். கடற்கரை மணல் கூடாது. அதிலுள்ள சிப்பித் துண்டுகள் தீயில் சுண்ணாம்பாகும். பிறகு காற்றின் ஈரத்தை உண்டு உப்பிக் கலத்தைப் பெயர்த்துவிடும். அதிலுள்ள உப்போ வெள்ளையாகப் பூத்து நிற்கும்.

வனைதல்

சக்கரம் வேண்டியதில்லை. சுண்டுவிரல் பருமனில் மண்ணைத் திரித்து, வளையம் வளையமாக அடுக்கி, உள்ளும் புறமும் விரலால் இழைத்தால் போதும். கைப்பிடி போன்றவற்றை ஒட்டும் இடத்தில் கீறிவிட்டு, மண் குழம்பு தடவிச் சேர்க்க வேண்டும். சுவர் எங்கும் ஒரே கனமாக இருக்கட்டும். நிழலிலேயே உலர்த்த வேண்டும்.

மெருகிடுதல்

விரல் பதியாத அளவுக்கு ஈரம் வற்றியதும், காவி மண்ணைக் குழைத்து மெல்லப் பூசி, கூழாங்கல்லாலோ சோழியாலோ பொறுமையாகத் தேய்க்க வேண்டும். நுண்ணிய மண் துகள்கள் படிந்து ஒளிவிடும். பழங்காலத்து வழவழப்பின் இரகசியம் இதுவே.

சுடுதல்

நன்கு உலராத கலம் தீயில் வெடிக்கும். உள்ளிருக்கும் நீர் ஆவியாவதே காரணம். ஆகவே ஒரு வாரமாவது உலர்த்தி, பெரியவர் துணையுடன் திறந்த வெளியில், முதலில் சிறு தீயாகவே மூட்ட வேண்டும். சுமார் 600 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டிச் சுடப்பட்ட மண் மீண்டும் நீரில் கரையாது. காற்றுப் படும் பக்கம் சிவக்கும். காற்றில்லாத பக்கம் புகையுண்டு கறுக்கும். கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுட்டே நம் முன்னோர் இருநிறமும் பெற்றனர் என்பர் ஆய்வாளர்.

கண்ணாடிப் பூச்சு

ஊறுகாய்ச் சாடியின் பளபளப்பு வேறு. மணற்சத்து, களிமண், உருக்கும் பொருள் மூன்றையும் பொடித்து நீரில் கரைத்து, ஒருமுறை சுட்ட கலத்தை அதில் முக்கி, சூளைத் தட்டில் ஒட்டாதபடி அடிப்பகுதியைத் துடைத்து, மறுபடியும் சுடுவர். பூச்சு உருகிக் கண்ணாடியாகும். இதற்குப் பொதுவாக 1000 டிகிரிக்கு மேலும், கல்போன்ற சாடிகளுக்கு 1200 முதல் 1300 டிகிரி வரையும் வெப்பம் வேண்டும். நம் உப்புக்கும் இதில் பங்குண்டு. கொதிக்கும் சூளையில் உப்பை எறிந்தால், அதிலுள்ள சோடியம் மண்ணின் மணற்சத்தோடு கூடிக் கண்ணாடிப் படலமாகும். ஆனால் அப்போது எழும் அமிலப் புகை நஞ்சு. வீட்டில் ஒருபோதும் முயலக் கூடாது.

வீட்டு முற்றத்துத் தீயில் அவ்வளவு வெப்பம் எழாது. பூச்சிட விரும்புவோர் சூளையுள்ள பட்டறையை நாட வேண்டும். புதுச்சேரியில் 1971-ல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் இருவரும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பட்டறையில் பலர் இக்கலையைக் கற்றனர்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. குறைந்த வெப்பத்தில் உருகும் சில பூச்சுகளில் ஈயம் உண்டு. புளியும் எலுமிச்சையும் அந்த ஈயத்தைக் கரைத்து உணவில் சேர்க்கும். அது குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். ஆகவே ஈயமற்றது என்று உறுதியாகத் தெரியாத பாத்திரத்தில் உணவு வைக்கலாகாது. கடையில் வாங்கிப் பூசும் எனாமல் வண்ணமும் அலங்காரத்துக்கு மட்டுமே.

மெருகிட்ட கலம் நீரைக் கசியவிடும். அது குறையன்று, கசிவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. காகிதப் பூவுக்கும், பேனாவுக்கும், தாகத்துக்கும் அது போதும். ஒரு பிடி மண்ணும் ஒரு சோழியும் பொறுமையும் நம்மிடம் இருந்தால், கொற்கைக் குயவரின் கைத்திறன் நம் வீட்டிலும் வாழும் அன்றோ!