கம்ப்யூட்டர் திடீரென நின்றுவிடுகிறதா? விசிறியைக் கவனியுங்கள்!

ஆன் செய்து பத்து நிமிடத்தில் உங்கள் பழைய கம்ப்யூட்டர் தானாக நின்றுவிடுகிறதா? சேவ் செய்யாத வேலையும் போய்விடுகிறதா? உடனே மதர்போர்டு போய்விட்டது என முடிவு கட்ட வேண்டாம். ப்ராசசர் மேலுள்ள விசிறி சுற்றாவிட்டாலும் இப்படி நடக்கும். சூடு அதிகமானால் ப்ராசசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேலும் ஏறினால், கருகிவிடாமல் இருக்க கம்ப்யூட்டர் நின்றுவிடும்.

1. பயாஸில் ஹார்டுவேர் மானிட்டர் பகுதிக்குச் சென்று சிபியு ஃபேன் வேகத்தைப் பாருங்கள். 0 என இருந்தால் சந்தேகம் விசிறி மீதுதான்.

2. கம்ப்யூட்டரை நிறுத்தி, பவர் கேபிளைக் கழற்றி, கேபினட்டைத் திறங்கள். வயர் ஏதும் இறக்கையில் சிக்கியிருக்கிறதா எனப் பாருங்கள்.

3. விரலால் மெல்லச் சுற்றுங்கள். தடையின்றிச் சுற்ற வேண்டும். இறுக்கமாக இருந்தால், இறக்கையைப் பிடித்துக்கொண்டு மெல்லிய பிரஷ்ஷால் தூசியை அகற்றுங்கள். அப்படியும் இறுக்கம் போகாவிட்டால் பேரிங் தேய்ந்துவிட்டது.

4. கையால் சுற்றுகிறது, மின்சாரத்தில் சுற்றவில்லையா? மதர்போர்டில் "சிபியு ஃபேன்" என்ற இடத்தில் பிளக் சரியாக உள்ளதா பாருங்கள். பிறகு அந்த பிளக்கை, கேபினட்டின் பின்புற விசிறிக்கான இடத்தில் செருகி, சில விநாடிகள் மட்டும் ஆன் செய்யுங்கள். அங்கே சுற்றினால் விசிறி நல்லது, கோளாறு மதர்போர்டில். அங்கும் சுற்றாவிட்டால் விசிறியை மாற்றுங்கள்.

புது விசிறி வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அளவும் பிளக்கும் பொருந்த வேண்டும். ஹீட் சிங்கையும் கழற்றினால், பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவ மறக்காதீர்கள்.