வியாபாரப் பயிற்றுநரைத் தெரிந்தெடுப்பது எப்படி?

எமது ஆட்கள் ஒரு கடை திறந்தால், அதன் பின்னால் பெரும்பாலும் வீட்டுக் கடனும் இனசனத்திடம் வாங்கிய கைமாற்றும் இருக்கும். ஆகவே 'பிஸ்னஸ் கோச்' எனப்படும் வியாபாரப் பயிற்றுநரை அமர்த்துமுன் சற்று நிதானிப்பது நல்லது. கணக்காளர் என்ற முறையில் நான் அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

அவுஸ்திரேலியாவில் கட்டணம் பெற்று மற்றவரின் வரிப் படிவத்தைத் தயாரிப்பவர், 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி வரி முகவராகப் பதிவு செய்திருக்க வேண்டும். வியாபாரப் பயிற்றுநருக்கு அவ்வாறான கட்டாயப் பதிவு இல்லை. யாரும் அப்பெயரைப் போட்டுக்கொள்ளலாம். எனவே விசாரிப்பது எங்கள் பொறுப்பு.

1. தகைமை: 1995இல் அமெரிக்காவில் தோன்றிய சர்வதேசப் பயிற்றுநர் சம்மேளனம் மூன்று படிகளில் சான்றிதழ் வழங்குகிறது. அவற்றுக்கு முறையே 100, 500, 2,500 மணித்தியாலப் பயிற்சியளித்த அனுபவம் வேண்டும். சான்றிதழைப் பார்ப்பதோடு, அவரிடம் முன்பு ஆலோசனை பெற்ற கடைக்காரர் இருவருடனும் பேசுங்கள்.

2. ஒப்பந்தம்: ஒரு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்டால், முதலில் மூன்று மாதம் பார்ப்போம் என்று சொல்லுங்கள். இடையில் விலகும் வழி எழுத்தில் இருக்கட்டும். ஊழியர் 100 பேருக்குக் குறைந்த, அல்லது ஆண்டு வருமானம் ஒரு கோடி டொலருக்குக் குறைந்த வியாபாரங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. எல்லோருக்கும் ஒரே மாதிரி அச்சடித்துக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் நியாயமற்ற நிபந்தனை இருந்தால் அது செல்லாது. 2023 நவம்பர் 9 முதல் அதற்குத் தண்டமும் விதிக்கலாம்.

3. கணக்கு: பயிற்றுநரிடம் எதையும் ஒளிக்காதீர்கள். நோர்த்மீட்டில் என்னிடம் வந்த ஒரு கடைக்காரர், தமது சீட்டுக் கடனைப் பயிற்றுநருக்குச் சொல்லவில்லை. "எங்கட வீட்டு விசயம் அவருக்கு ஏன்?" என்றார். விற்பனையை மட்டும் கண்ட பயிற்றுநர் இரண்டாவது கடை திறக்கச் சொன்னார். சரக்குக்கு வைத்த காசு சீட்டுக்குப் போயிற்று. எட்டு மாதத்தில் அந்தக் கடையை மூடினார்கள். அதில் பயிற்றுநரைக் குறைசொல்ல என்னால் முடியவில்லை. அந்தக் கடன் எனக்கே பின்னர்தான் தெரியவந்தது.

4. அளவுகோல்: கூட்டுவது விற்பனையையா, குறைப்பது கடனையா என்று ஆரம்பத்திலேயே முடிவுசெய்யுங்கள். மாதம் ஒருமுறை உங்கள் கணக்காளரையும் வைத்துக்கொண்டு அதைச் சரிபாருங்கள்.

திருக்குறளின் 51ஆம் அதிகாரம் 'தெரிந்து தெளிதல்'. ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் சந்தேகிப்பதும் இரண்டுமே தீராத துன்பம் என்பது அதில் வரும் கருத்து. முதலாவது தவறை நாம் அவசரத்தில் செய்கிறோம். இரண்டாவதை வெட்கத்தில் செய்கிறோம்.