இந்த செமஸ்டர் வகுப்பு உண்டா? கெஸ்ட் லெக்சரர் வீட்டுக்குச் சில குறிப்புகள்

கல்லூரியில் மணிக்கணக்கில் பாடம் எடுப்பவர்களுக்கும் கௌரவ விரிவுரையாளர்களுக்கும் ஜூனும் டிசம்பரும் வயிற்றில் புளியைக் கரைக்கும் மாதங்கள். போன செமஸ்டரில் வாரம் 14 வகுப்பு எடுத்தவருக்கு இந்த முறை 6 வரலாம். ஒன்றும் வராமலும் போகலாம். நாம் பாடம் நடத்துவதில் குறை இருப்பதால் அல்ல. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு என்பது யூஜிசியின் 2018 விதி. நிரந்தர ஆசிரியர்களுக்கு அந்த 16-ஐ நிரப்பிய பிறகு மிஞ்சுவதுதான் நமக்கு. மாறுதலில் ஒருவர் வந்து சேர்ந்தாலோ, சேர்க்கை குறைந்து ஏ, பி செக்‌ஷனை ஒன்றாக்கினாலோ முதலில் போவது நம் வகுப்பு. இந்த நிலைமை மாறத்தான் வேண்டும். அதுவரை வீடு நடக்க வேண்டுமே, அதற்குத்தான் இந்தக் குறிப்புகள்.

1. துறை அறையில் ஒட்டியிருக்கும் டைம்டேபிளைக் கிட்டே போய்ப் பாருங்கள். நிரந்தர ஆசிரியர்களின் இனிஷியல் பேனாவில் இருக்கும். நம்முடையது பெரும்பாலும் பென்சிலில், சில கட்டங்களில் முன்பு எழுதி ரப்பரால் அழித்த தடத்தின் மேல் இருக்கும். முதல்வர் கையெழுத்தோடு இறுதி டைம்டேபிள் வரும்வரை அந்த வருமானத்தை நம்பித் தவணையில் எதையும் வாங்காதீர்கள். ஸ்கூட்டர் ஆகட்டும், வாஷிங் மெஷின் ஆகட்டும், ஆகஸ்ட் வரை பொறுக்கலாம்.

2. “மேடம், செகண்ட் பி.காம். பி செக்‌ஷன் எடுத்துக்கிறீங்களா? நாளையிலிருந்தே வரணும்” என்று போன் வரும். சந்தோஷத்தில் “சரி சார்” என்று வைத்துவிடாதீர்கள். “வர்றேன் சார். எந்த பேப்பர், வாரத்துக்கு எத்தனை ஹவர், ஒரு ஹவருக்கு எவ்வளவு, ஆர்டர் எப்போ கிடைக்கும்னு மட்டும் சொல்லிடுங்க” என்று பணிவாகவே கேட்கலாம். போனை வைத்த கையோடு, “சார், நீங்கள் சொன்னபடி நாளை முதல் இந்த வகுப்புக்கு வருகிறேன்” என்று விவரத்தோடு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். அவர் “ஓகே மேடம்” என்று பதில் போட்டால், ஆர்டர் கைக்கு வரும்வரை அதுதான் நமக்குச் சாட்சி.

3. வகுப்புக் கணக்குக்குத் தனி நோட்டு அவசியம். நீளவாக்கில் கோடு போட்ட அக்கவுன்ட் நோட்டு வசதி. தேதி, டே ஆர்டர், எத்தனையாவது ஹவர், எந்த வகுப்பு, நடத்திய பகுதி, கையெழுத்து என்று ஆறு பத்தி. வகுப்பு முடிந்த அன்றே எழுதி, வெள்ளிக்கிழமைதோறும் துறைத் தலைவரிடம் சுருக்கொப்பம் வாங்கிவிடுங்கள். மாதக் கடைசியில் மொத்தமாக நீட்டினால் யாருக்கும் பொறுமை இருக்காது. விளையாட்டு விழா, கருத்தரங்கு என்று வகுப்பு நடக்காத நாட்களையும் காரணத்தோடு குறித்து வையுங்கள். பில்லில் ஹவர் குறைந்து வந்தால் அலுவலகத்தில் பேச நமக்கு இருக்கும் ஒரே ஆதாரம் இந்த நோட்டுதான். மாதம் ஒருமுறை அதன் பக்கங்களைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. வீட்டு பட்ஜெட்டை நல்ல மாதத்தை வைத்துப் போடாதீர்கள். போன வருடத்தில் எந்த மாதம் கைக்கு மிகக் குறைவாக வந்ததோ, அந்தத் தொகைக்குள் வாடகை, அரிசி, பால், மின்கட்டணம் நான்கும் அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால் இந்த ஒரு வேலையை மட்டும் நம்பி இருக்க முடியாது என்பதைக் கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. கௌரவ ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய் வரை என்று யூஜிசி 2019 ஜனவரியில் அறிவித்தது. உங்கள் கல்லூரி தருவதை அதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எவ்வளவு இடைவெளி என்று தெரிந்திருந்தால்தான் சங்கத்திலும் நிர்வாகத்திடமும் தொகையைச் சொல்லிக் கேட்க முடியும்.

5. இரண்டு கல்லூரிக்குப் போகிறவர்கள் டே ஆர்டரில் கவனம் வையுங்கள். திங்கள், செவ்வாய் என்று கிழமைக் கணக்கில் ஓடும் கல்லூரியும், ஒன்று முதல் ஆறு வரை டே ஆர்டரில் ஓடும் கல்லூரியும் முதல் வாரத்தில் அழகாகப் பொருந்தும். நடுவில் ஒரு விடுமுறை வந்ததும் டே ஆர்டர் ஒரு நாள் தள்ளிப்போகும். அடுத்த வாரம் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் வகுப்பு நிற்கும். இரண்டும் டே ஆர்டர் என்றாலும் இதே கதைதான், உள்ளூர் விடுமுறை இரண்டுக்கும் ஒன்றாக இருக்காது. காலை ஷிப்டில் ஒரு கல்லூரி, மதிய ஷிப்டில் இன்னொன்று என்று பிரித்துக்கொள்வதே நிம்மதி. நடுவே சாப்பிடவும் பஸ்ஸுக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரமாவது விடுங்கள்.

6. கேட்டு வாங்க முடிந்தால் ஒற்றைப்படை செமஸ்டரில் இரண்டாம், மூன்றாம் ஆண்டு பேப்பர்களைக் கேளுங்கள். முதலாண்டுச் சேர்க்கை முடிந்து வகுப்பு தொடங்கத் தாமதமாகும். மணிக்கணக்குக்காரர்களுக்கு அது அப்படியே சம்பள இழப்பு.

7. மே மாதம். அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளருக்கு 11 மாதம்தான் தொகுப்பூதியம். மணிக்கணக்குக்காரர்களுக்கு ஏப்ரல் பாதியிலேயே வரவு நின்றுவிடும். ஜூனில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் காத்திருக்கும். அதனால் மே மாதத்துக்கான ஏற்பாட்டை ஜூலையிலேயே தொடங்க வேண்டும். அஞ்சலக ஆர்.டி. இதற்குச் சரிவராது. அது ஐந்து வருடத் திட்டம். மூன்று வருடம் கழித்துத்தான் இடையில் முடிக்க முடியும். ஏப்ரல் கடைசியில் முதிர்கிற மாதிரி வங்கியில் குறுகிய கால ஆர்.டி. போடுங்கள். தொகை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, வகுப்பு குறைந்த மாதத்திலும் கட்டக்கூடியதாக இருக்கட்டும்.

கூடவே இன்னொன்று. மாசி, பங்குனியில் புதுப் புளி வரும், மிளகாய் வரத்தும் கூடும். சம்பளம் வந்துகொண்டிருக்கும் அந்த மாதங்களிலேயே வருடத்துக்கு வேண்டிய புளி, மிளகாய், மல்லி, மஞ்சளை வாங்கிக் காயவைத்து அரைத்துவிடுங்கள். புளியைக் கொட்டை, நார் எடுத்து, கல்லுப்பு தூவி ஜாடியில் அழுத்தி வைத்தால் கெடாது. மே மாத மளிகைச் சீட்டில் பருப்பும் எண்ணெயும் மட்டுமே மிஞ்சும். மொட்டை மாடி வெயிலில் வடகமும் வத்தலும் போட்டால் மழைக்காலத்துக் காய்கறிச் செலவும் குறையும்.

8. பெரிய ஏலச்சீட்டில் சேராதீர்கள். வகுப்பு நின்றாலும் சீட்டுத் தவணை நிற்காது. முதலிலேயே எடுத்துவிட்டு வகுப்பும் இல்லாமல் போனால், ஜாமீன் போட்ட உறவுக்காரர் வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்பார்கள்.

9. மூன்று நான்கு மாதச் சம்பளம் சேர்ந்தாற்போல் வருவதும் நமக்குப் பழக்கம்தான். அந்தப் பணம் வந்த அன்று கடைத்தெருவுக்குப் போகாதீர்கள். முதலில் மளிகைக் கடைப் பாக்கி, அடுத்து நகைக் கடன் வட்டி, பிறகு ஒரு மாத வீட்டுச் செலவைத் தனிக் கணக்கில் போடுவது. மிச்சம் இருந்தால் பிள்ளைகள் கேட்டதை வாங்கிக் கொடுங்கள். அவர்களும் நம்மோடு காத்திருந்தவர்கள்தானே.

10. பக்க வருமானத்துக்கு நம் படிப்பையே பயன்படுத்தலாம். செமஸ்டர் தேர்வு முடிந்ததும் விடைத்தாள் மதிப்பீட்டுப் பணி உண்டு. தேர்வுப் பிரிவில் உங்கள் பெயர், பாடம், அனுபவ விவரம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். இக்னோ கல்வி மையங்களில் பகுதி நேர ஆலோசகராக வகுப்பு எடுக்கலாம். சென்னையிலும் மதுரையிலும் மண்டல மையங்கள் உள்ளன. விண்ணப்பம் கொடுத்தவுடன் கூப்பிடமாட்டார்கள், வேலை இருக்கும்போதே கொடுத்து வையுங்கள்.

11. கருவுற்றிருக்கும் தோழிகளுக்கு: மகப்பேறு விடுப்புச் சம்பளத்துக்கு, பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்பது சட்டம். தினக்கூலிப் பெண்களுக்கும் இந்த உரிமை உண்டு என்று 2000-ல் தில்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. “கெஸ்ட்டுக்கெல்லாம் கிடையாதும்மா” என்று வாய்மொழியாகச் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை வாங்குங்கள். 80 நாளைக் காட்டவும் மூன்றாம் குறிப்பில் சொன்ன நோட்டுதான் கைகொடுக்கும்.

12. சம்பளத்தில் வரிப் பிடித்தம் செய்திருந்தால், வருமானம் வரி வரம்புக்குள் இருந்தாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்யுங்கள். பிடித்த பணம் திரும்ப வரும். பலர் இதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

13. பணி அனுபவச் சான்றிதழை வருடா வருடம் வாங்கிவிடுங்கள். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் 2019 உதவிப் பேராசிரியர் அறிவிப்பில் அனுபவத்துக்கு வருடத்துக்கு 2 மதிப்பெண், அதிகபட்சம் 15 என்று இருந்தது. சான்றிதழ் இல்லாத வருடங்கள் கணக்கில் ஏறாது. அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் கூட்டம் நெருக்கும். பழைய முதல்வர் ஓய்வு பெற்றிருப்பார், பதிவேடு எந்த அலமாரியில் இருக்கிறது என்று புதியவருக்குத் தெரியாது. ஏப்ரலில் கடைசி வகுப்பு முடிந்த வாரமே விண்ணப்பம் கொடுங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தப் பாடம், எந்தத் தகுதியில் என்பதெல்லாம் அதில் இருக்கிறதா என்று அலுவலகத்திலேயே நின்று படித்துப் பாருங்கள். பெயரில் இனிஷியல் தவறியிருந்தால் அங்கேயே திருத்தி வாங்குங்கள். நியமன ஆணை, சம்பளம் ஏறிய பாஸ்புக் பக்கம் இரண்டின் ஜெராக்ஸையும் சான்றிதழோடு சேர்த்து, வருடத்துக்கு ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டு இருக்கும் பெட்டியிலேயே வையுங்கள்.