மாடு குறட்டை விட்டால்

ஏரி, குட்டைத் தண்ணீர் குடிக்கும் அரக்கோணம் பக்கத்து மாடுகளிடம் குறட்டைச் சத்தம் கேட்டால் முதலில் நினைக்க வேண்டியது மூக்கு இரத்தப்புழு. சிஸ்டோசோமா நாசேல் எனப்படும் இதை 1933இல் விவரித்தவர் எம்.ஏ.என். ராவ். தட்டையாகச் சுருண்ட குட்டை நத்தையில் வளரும் குஞ்சுப்புழு, தண்ணீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்து நுழைந்து, பிறகு மூக்கின் இரத்தக் குழாய்களில் தங்கும். மூக்கினுள் காலிஃபிளவர் போன்ற வளர்த்தி, சளி, சில சமயம் இரத்தம். எருமையில் அறிகுறி குறைவு. அதனாலேயே பலர் கவனிப்பதில்லை.

இரு நாசித்துளைகளிலும் உள்ளங்கையை வைத்து, காற்று சமமாக வருகிறதா என்று பார்க்கலாம். ஒன்றில் மட்டும் குறைந்தால் அடைப்பு அந்தப் பக்க மூக்கில்தான். உறுதி செய்வது சளிப் பரிசோதனை: நுண்ணோக்கியில் பூமராங் வடிவ முட்டை தெரியும். இதற்கான மருந்தான ஆந்தியோமலின் ஊசியை மருத்துவரே போட வேண்டும்.

குறட்டையோடு திடீர்க் கடும் காய்ச்சல், தொண்டை வீக்கம், எச்சில் ஒழுகல் என்றால் அது தொண்டை அடைப்பான். ஒரே நாளில் மாடு செத்துவிடக்கூடும்; உடனே கால்நடை அவசர உதவி எண் 1962ஐ அழைக்க வேண்டும். மூச்சுத் திணறும் மாட்டுக்கு வாய்வழி மருந்து புகட்டினால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். மூச்சு நிற்கும் நிலையில் மருத்துவர் மூச்சுக்குழலில் துளையிடுவார்.

தொண்டை அடைப்பானுக்கு மழைக்காலத்துக்கு முன்பே தடுப்பூசி உண்டு. இரத்தப்புழுவுக்குத் தடுப்பூசி இல்லை. தொட்டித் தண்ணீரும், குட்டையில் நத்தை தின்னும் வாத்துகளுமே வழி.