கழிமுகக் காடும் ஊராரின் வேலையும்

எண்ணூர்க் காமராசர் துறைமுகத்தில் திரவ இயற்கை வாயு முனையம் 2019 மார்ச்சு மாதத்தில் துவக்கப்பெற்றது. பூஜ்யத்திற்குக் கீழ் 162 டிகிரி வரை குளிர்வித்தால் இயற்கை வாயு திரவமாகி, கன அளவில் ஏறக்குறைய 600-இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அவ்வாறு கப்பலில் வரும் திரவத்தை இங்கே மீண்டும் வாயுவாக்கிக் குழாய்வழி அனுப்புகின்றனர். ஆண்டிற்கு 50 லட்சம் டன் கையாளும் திறன் இம்முனையத்திற்கு உண்டு. மணலி உரத் தொழிற்சாலை நாப்தாவை விடுத்து இவ்வாயுவைக் கொண்டு யூரியா தயாரிப்பதால், விவசாயிகளுக்கும் இதில் பங்குண்டு.

இத்தகைய நிலையத்தால் சுற்றுப்புற ஊர்களுக்கு வேலை கிடைக்குமா என்பது பஞ்சாயத்து அங்கத்தினர் பலரும் கேட்கும் கேள்வி. கட்டுமானம் நடக்கும்போது பலருக்கு வேலை உண்டு. முடிந்தபின் இயந்திரம் அறிந்த சிலருக்கே இடமுண்டு. ஆனால், கடலோரக் காட்டை மீட்கும் பணி அவ்வாறன்று. அது ஊராரின் கைகளாலேயே நடைபெற வேண்டியது. பல ஆண்டுகள் நீடிப்பது.

கொசத்தலையாற்றுக் கழிமுகத்தில் வளரும் அலையாத்தி மரம் சேற்றிலிருந்து மூச்சுவேர்களை மேலே நீட்டி நிற்கும். அவ்வேர்களிடையே இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்கின்றன. புயலலையின் வேகத்தையும் அம்மரங்கள் தணிக்கின்றன. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கழிமுகம் ஆழம் குன்றியது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து மரங்களில் படிந்ததையும், மீனவர் தொழில் முடங்கியதையும் நாம் அறிவோம்.

காட்டை மீட்பதற்கு நாற்று நட்டால் மட்டும் போதாது. இதற்குப் பிச்சாவரம் நல்ல பாடம். அங்கே முற்காலத்தில் மரங்களை மொத்தமாக வெட்டிய இடங்களில் நிலம் தாழ்ந்தது. புகுந்த நீர் வெளியேறாமல் வெயிலில் வற்றியது. உப்பு மிகுந்து எதுவும் முளைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டினர். ஓதநீர் ஏறி இறங்கியதும் உப்பு தணிந்தது. வாய்க்கால் சரிவில் நட்ட கன்றுகள் பிழைத்தன.

ஆதலின், முதலில் நீரோட்டம், பிறகே நடவு என்பது முறை. வாய்க்கால் வெட்டுதல், விதை சேகரித்தல், நாற்றங்கால் பேணுதல், தூர் எடுத்தல், கால்நடை புகாமல் காத்தல் ஆகிய ஒவ்வொன்றும் வேலையே. ஓதத்தின் போக்கை அறிந்த மீனவரும், கையால் இறால் பிடிக்கும் இருளரும் இப்பணியில் முன்னிற்கத் தக்கவர்கள். நடவோடு கூலி நின்றுவிடாமல், பராமரிப்புக்கும் ஆண்டுதோறும் தொகை ஒதுக்கச் செய்வது அவசியம்.

இங்கே பஞ்சாயத்தின் கடமை யாது? 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, அனுமதி பெற்ற திட்டத்தார் அதன் நகலை உள்ளாட்சித் தலைவருக்கு அளித்தல் வேண்டும்; தலைவர் அதனை 30 நாட்கள் மக்கள் பார்வைக்கு வைத்தல் வேண்டும். நிபந்தனைகள் நிறைவேறிய விவரத்தை ஆறு மாதத்திற்கு ஒருமுறை திட்டத்தார் அறிக்கையாக அளிப்பதும் கட்டாயம். மரநடவு பற்றிய நிபந்தனை இருப்பின், அதனைக் கிராம சபையில் படித்துக் காட்டி, எங்கே, எவரைக் கொண்டு நடுவது என்று தீர்மானித்து வனத்துறைக்கு எழுதலாம்.

நட்ட கன்றுகளின் எண்ணிக்கை விழாவுக்கு உதவும். மூன்றாம் ஆண்டில் உயிரோடு நிற்கும் கன்றுகளின் எண்ணிக்கையே ஊருக்கு உதவும். அதனை எண்ணிப் பதிவேட்டில் எழுதும் பொறுப்பைப் பஞ்சாயத்துகள் ஏற்பனவாக.